மாண்டவர் கையும் வாழ்பவர் உரிமையும்

ஏடுகள் பலவகை. கடன் பத்திரம், கையெழுத்துப் போட்ட கணத்திலேயே கழுத்தைப் பிடிக்கும். கிரயப் பத்திரம், பதிவான அன்றே நிலத்தைக் கைமாற்றும். ஓர் ஏடு மட்டும், எழுதியவருக்கு மூச்சு இருக்கும் வரையில் தான் மூச்சின்றிக் கிடக்கிறது. அவர் மூச்சு நின்றதும் எழுந்து நின்று பேசத் தொடங்குகிறது. அதுதான் உயில். பேசுபவர் யார்? இறந்தவர். கேட்டு அடங்க வேண்டியவர் யார்? இருப்பவர். ஏன் இப்படிச் செய்தீர் என்று இருப்பவர் கேட்கலாம். விடை கூற அவர் இல்லை.

செத்தவர் ஆவியாக வந்து வீட்டாரை ஆட்டிப் படைக்கிறார் என்று பூசாரி உடுக்கை அடித்தால் நாம் நகைக்கிறோம். நகைக்க வேண்டியதுதான். ஆனால், செத்தவரின் விருப்பும் வெறுப்பும் இருப்பவரின் சோற்றையும் நிலத்தையும் தீர்மானிக்கும் ஒரு வழியை நாட்டின் சட்டமே அமைத்துக் கொடுத்திருக்கிறதே, அதைப் பகுத்தறிவாளர் எப்படி நோக்குவது? உயில் எழுதும் உரிமை வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமெனில் அதற்கு அறத்தின் எல்லை எது? இதை வழக்கறிஞரின் மேசைக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது. நம் மேசைக்கும் வரவேண்டிய கேள்வி இது.

கேள்வியை வானத்தில் தொங்க விடாமல் மண்ணில் ஊன்றிப் பார்ப்போம். பெரியகுளத்துச் சமவெளியிலிருந்து கும்பக்கரை வழியாகக் கோடைக்கானலுக்கு ஏறும் பாதையில், பழனி மலைச் சரிவில் இருக்கும் ஊர் அடுக்கம். அடுக்கம் என்ற பெயரே மலைச்சரிவைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அங்கே காப்பிச் செடியும் மிளகுக் கொடியும் வளர்க்கும் முதியவர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்துவோம். அவர் உண்மை மனிதர் அல்லர். நம் ஆராய்ச்சிக்காக நாமே படைத்துக்கொண்டவர். அவருக்கு இரண்டு ஏக்கர். ஓர் ஏக்கர் பாட்டன் வழி வந்தது, பாகப்பிரிவினை ஆகாதது. மற்றோர் ஏக்கர் தம் உழைப்பில் வாங்கியது. மனைவி இல்லை. மகன் ஒருவன் உடனிருக்கிறான். மகள் ஒருத்தி, வேறு சாதி இளைஞனைச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டு பெரியகுளத்தில் வாழ்கிறாள். இவர்களன்றி, தாய் தந்தையற்ற பிள்ளை ஒருவன் சிறு வயதில் அந்த வீட்டுக்கு வந்து, அங்கேயே வளர்ந்து, செடிக்குச் செடி மண் அணைத்து, முதியவர் நோயுற்றபோது அவரைத் தாங்கியவன். முறைப்படி தத்து எடுக்கப்பட்டவன் அல்லன். முதியவர் உயில் எழுத விரும்புகிறார்.

அவர் எழுதாமலே மறைந்தால் என்ன ஆகும்? 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அவருக்குரியதை மகனும் மகளும் சமமாய்ப் பகிர்வர். வளர்ப்புப் பிள்ளைக்கு ஒரு செண்டும் இல்லை. எழுதினால்? அவர் எழுதியபடி. இந்த இரண்டு விடைகளுக்கும் இடையில்தான் நம் ஆராய்ச்சி முழுவதும் அடங்கியிருக்கிறது.

சாத்திரம் அறியாத சொல்

உயில் என்ற சொல்லே ஆங்கிலத்து ‘வில்’ என்பது தமிழ் நாவில் திரிந்து வந்தது. பண்டைய தரும சாத்திரங்களில் இதற்கு ஒரு சொல்லும் இல்லை. பார்த்தீர்களா, நம் முன்னோர் எவ்வளவு நியாயமாய் வாழ்ந்தனர் என்று பழமைவாதி இதைக் கொண்டு பெருமை பேசக்கூடும். பெருமைக்கு இதில் இடமில்லை. குடும்பச் சொத்தில் ஆண்மக்களுக்குப் பிறப்பாலேயே உரிமை என்று மிதாட்சரம் முடிவு கட்டிவிட்டது. மகளுக்கு இல்லை என்பதும் அத்துடன் முடிவாயிற்று. முடிவு முன்பே ஆகிவிட்ட வீட்டில் விருப்பத்துக்கு என்ன வேலை? அதனால்தான் விருப்ப ஆவணம் பிறக்கவில்லை.

வெள்ளையர் ஆட்சியில் துறைமுக நகரங்களின் வணிகர் உயில் எழுதத் தொடங்கினர். இந்துக்களின் உயில் இந்து சட்டத்துக்கு ஒத்திருந்தாலன்றிச் செல்லாது என்று 1829ஆம் ஆண்டுச் சென்னை ஒழுங்குமுறைச் சட்டம் ஒரு கட்டுப் போட்டது. 1870ல் வந்த இந்து உயில் சட்டம், வங்காளத்தின் கீழ்ப்பகுதிக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் எழுத்து, கையொப்பம், சாட்சி என்ற முறைகளை விதித்தது. மதுரைச் சீமைக்கும் அதன் மலைகளுக்கும் அது வரவில்லை. 1927 சனவரி முதல் நாளிலிருந்துதான், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் முறைகள் எல்லா ஊர் இந்துக்களின் உயிலுக்கும் பொருந்தின. அதற்கு முன் மலையூர் முதியவர் ஒருவர் சாகுந்தறுவாயில் வாயால் சொன்னதும் உயிலாகக் கொள்ளப்படலாம். சொன்னது என்ன என்பதை, அருகில் நின்றவர் சொன்னால்தானே உலகம் அறியும்? அருகில் நின்றவர் யார் என்பதைப் பொறுத்து இறந்தவரின் விருப்பமும் மாறியிருக்கும்! எழுத்து வேண்டும் என்ற விதி ஏழைக்குத் தொல்லை போலத் தோன்றினும், அது பொய்க்குப் போட்ட பூட்டு.

எழுதும் முறை

இன்று உயில் எழுதுவது கடினமன்று. முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாள் போதும். எம்மொழியும் ஆகும், தமிழே போதும். எழுதுபவர் 18 வயது நிரம்பியவராய், தெளிந்த மனத்தினராய் இருக்க வேண்டும். நோயுற்றவரும், கண் காணாதவரும், செவி கேளாதவரும், தாம் செய்வது இன்னதென்று அறிந்தால் எழுதலாம். குடிவெறியிலோ மயக்கத்திலோ, என்ன செய்கிறோம் என்று அறியாதிருக்கும் நேரத்தில் எழுதியது செல்லாது.

கையொப்பமிட வேண்டும், எழுத்தறியாதவர் கைநாட்டு வைக்கலாம். இரண்டு சாட்சிகளாவது வேண்டும். அவர் ஒப்பமிட்டதை ஒவ்வொரு சாட்சியும் கண்ணால் கண்டிருக்க வேண்டும், அல்லது ‘இது என் ஒப்பம்’ என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். பின்னர் அவர் முன்னிலையில் சாட்சியும் ஒப்பமிட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளே எழுதியிருப்பது என்னவென்று சாட்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. போர்முனையிலுள்ள படைவீரருக்கு மட்டும் சட்டம் சலுகை காட்டி, வாய்மொழியையும் ஏற்கிறது.

பதிவு செய்தல் கட்டாயமன்று; 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அதை அவரவர் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. முத்திரையிட்ட உறையிலிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழியுண்டு. பதிவான உயிலின் நகலை, எழுதியவர் உயிரோடிருக்கும் வரையில் அவரன்றிப் பிறர் கேட்டுப் பெற இயலாது. பதிவு நல்ல பாதுகாப்பு. ஆயின் பதிவான உயில் என்பதனாலேயே அது உண்மை உயில் என்று ஆகிவிடாது.

இத்தனைக்கும் மேலான விதி ஒன்றுண்டு. தமக்குரியதை மட்டுமே ஒருவர் உயிலில் வழங்க முடியும். நம் அடுக்கத்து முதியவர், ‘இரண்டு ஏக்கரும் என் மகனுக்கே’ என்று எழுதிவிட்டார் எனக் கொள்வோம். தம் உழைப்பில் வாங்கிய ஏக்கர் முழுவதும் அவர் விருப்பம். பாட்டன் வழி வந்த ஏக்கரில், தந்தை, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. நூறு செண்டில் அவர் பேனா ஓடக்கூடிய இடம் சுமார் 33 செண்டுதான். மகளின் 33 செண்டு தந்தை கொடுத்ததன்று, எடுத்துக்கொள்வதற்கு. அது அவள் பிறப்போடு வந்தது. ஊரில் எத்தனை பெண்கள், ‘அப்பா எழுதி வைத்துவிட்டார், இனி என்ன செய்வது’ என்று கண்ணீரோடு அடங்கிப் போகிறார்கள்! அந்தத் தாளில் பாதி வெறுந்தாள் என்பதை யாரேனும் அவர்களுக்குச் சொன்னதுண்டா?

மெய்ப்பிக்கும் முறை

உயில் உண்மை என்று நாட்டும் சுமை, அதைக் கொண்டுவந்து நீட்டுபவர் தலைமேல். குறைந்தது ஒரு சாட்சியையாவது, அவர் உயிருடன் இருந்து வரத்தக்கவராயின், நீதிமன்றத்தில் நிறுத்தியாக வேண்டும். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 68ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 67ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. சாட்சிகள் மறைந்துவிட்டால் அவர்களுள் ஒருவரின் கையெழுத்தையும் எழுதியவரின் ஒப்பத்தையும் அறிந்தவர் வந்து அடையாளம் காட்ட வேண்டும். ஆகவே தம்மினும் இளையவரை, தேடினால் கிடைக்கக்கூடியவரைச் சாட்சியாக்குவதே அறிவுடைமை. எண்பது வயதுக்காரருக்கு எண்பத்தைந்து வயதுக்காரர் சாட்சி என்றால், அது இரண்டு சாவுகளுக்கு இடையே நடக்கும் ஓட்டப்பந்தயம்.

1925ஆம் ஆண்டுச் சட்டம், சென்னை நகர எல்லைக்குள் எழுதப்பட்ட இந்துக்களின் உயிலுக்குப் புரோபேட் என்னும் மெய்ப்பிதழ் பெறுவதைக் கட்டாயமாக்கியது. மலையூர் உயிலுக்கு அக்கட்டாயத்தை விதிக்கவில்லை. அதனால் மலையூரில் உயில் எவராலும் சோதிக்கப்படாமலே ஆண்டுக்கணக்கில் நடமாடும். பட்டாவில் பெயர் மாறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கருதுவோர் பலர். பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. உயிலின் உண்மையைத் தீர்ப்பது உரிமையியல் நீதிமன்றம்.

1958ல் உச்ச நீதிமன்றம், மைசூரிலிருந்து வந்த ஒரு வழக்கில் இதற்கான அளவுகோலை வகுத்தது. உயிலால் பெரும்பயன் பெறுபவரே அதை எழுதுவிப்பதில் முன்னின்றாரா, ஒப்பம் நடுங்குகிறதா, எழுதியவர் மனம் தளர்ந்திருந்ததா, பங்கீடு இயற்கைக்கு மாறாக இருக்கிறதா என்று ஐயத்துக்கு இடமிருந்தால், அந்த ஐயங்கள் ஒவ்வொன்றையும் நீக்கும் பொறுப்பு உயிலை நீட்டுபவருடையது என்பது அத்தீர்ப்பின் சாரம். வஞ்சனையாலோ, மிரட்டலாலோ, மறுக்க முடியாத நச்சரிப்பாலோ எழுதப்பட்டது செல்லாது என்பது சட்டத்தின் 61ஆம் பிரிவு. ‘எழுதினால்தான் கஞ்சி’ என்று படுக்கையிலிருக்கும் கிழவரிடம் சொல்லிப் பெற்ற கைநாட்டு, கைநாட்டன்று, கைவிலங்கு.

மாற்றும் உரிமை

உயிலின் உயர்ந்த பண்பு எது? எழுதியவர் உயிரும் தெளிவும் உள்ள வரையில் அதை மாற்றலாம், அழிக்கலாம் என்பதே. ‘இதை இனி எக்காலத்தும் மாற்றேன்’ என்று அவரே அதில் எழுதியிருந்தாலும் அந்த வரிக்கு வலிவில்லை. அடுத்த நாளே மாற்றலாம். பிந்திய உயில் முந்தியதை வெல்லும். முந்தியது பதிவானதாயினும், பிந்தியது பதிவாகாததாயினும் அப்படியே. உயிலை ரத்து செய்கிறேன் என்று தனியே ஓர் எழுத்தும் எழுதலாம். அதற்கும் இரண்டு சாட்சி வேண்டும். அழிக்கும் எண்ணத்தோடு தாமே எரிக்கலாம், கிழிக்கலாம். அல்லது தம் கண்முன் தம் ஆணைப்படி பிறரைக் கொண்டு செய்விக்கலாம். அவர் அறியாமல் மகன் எடுத்து அடுப்பிலிட்டால் தாள் எரியும், உயில் எரியாது. அதில் இருந்தது இன்னதென்று வேறு சான்றால் நாட்டலாம். எழுதி முடித்த உயிலில் பின்னர் வரியை அடித்துத் திருத்தினால், அத்திருத்தத்துக்கும் ஒப்பமும் சாட்சியும் வேண்டும். கிறித்தவர் உயில் எழுதிய பின் திருமணம் செய்துகொண்டால் அந்த உயில் தானே அற்றுப்போகும். இந்து என்று சட்டம் வகைப்படுத்தும் நம்மவருக்கு அவ்விதி இல்லை.

இதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். மனிதன் மாறுவான், இன்று வெறுத்தவரை நாளை அணைப்பான், நேற்றுக் கொண்ட கருத்தை இன்று களைவான் என்று சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வேதம் மாறாது, விதி மாறாது என்று சொல்லும் கூட்டத்தின் நடுவே, ‘மாற்றலாம், மாற்றுவது உன் உரிமை’ என்று கூறும் ஏடு இது. பகுத்தறிவின் இயல்பே அதுவல்லவா? துயரம் எதில் இருக்கிறது என்றால், மாற்றும் உரிமை உடையவர் மாற்றாமல் மறைந்துவிடும்போதுதான். ஒரு நாள் கோபத்தில் எழுதியது, கோபம் தணிந்தபின்னும் பெட்டியடியில் கிடக்கிறது. அவர் மகளோடு பேசத் தொடங்கிவிட்டார், பேரனை மடியில் வைத்துக் கொஞ்சுகிறார். தாள் மட்டும் பழைய கோபத்தோடு காத்திருக்கிறது. அவர் மறைந்ததும் பேசுவது அவரா, அந்த ஒரு நாள் கோபமா?

சட்டம் கேட்காத கேள்வி

உயிலைக் கண்டதும் நீதிமன்றம் கேட்கும் கேள்வி, ‘இது அவர் விருப்பம்தானா?’ என்பது. ‘இந்த விருப்பம் நியாயமானதா?’ என்பது பெரும்பாலும் அதன் கேள்வியன்று. கேரளத்து வழக்கொன்று 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஒன்பது மக்களைப் பெற்ற தந்தை ஒருவர், தம் சமூகத்துக்கு வெளியே மணம்புரிந்த ஒரு மகளுக்கு மட்டும் உயிலில் பங்கு மறுத்திருந்தார். உயில் முறைப்படி மெய்ப்பிக்கப்பட்டது. ஆகவே அது செல்லும் என்று தீர்ப்பாயிற்று. சட்டத்தின் நோக்கில் வழக்கு அத்துடன் முடிந்தது. அறத்தின் நோக்கில்?

1850லேயே ஒரு சட்டம் வந்தது: மதம் மாறினார், சாதியிலிருந்து விலக்கப்பட்டார் என்ற காரணத்தால் ஒருவருடைய வாரிசுரிமையைப் பறிக்கலாகாது என்று. சாதியின் கையிலிருந்த அந்தக் கத்தியைச் சட்டம் பிடுங்கியது. ஆனால் தந்தையின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கவில்லை. கல்கத்தாவின் பிரசன்னகுமார் தாகூர், கிறித்தவம் தழுவிய தம் ஒரே மகனை ஒதுக்கி, பெருஞ்செல்வத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆண்வழியிலேயே இறங்குமாறு உயில் எழுதி 1868ல் மறைந்தார். இலண்டனின் பிரிவி கவுன்சில் 1872ல் என்ன சொன்னது? உயிருடனிருக்கும் ஒருவருக்கு அவர் வாழ்நாள் வரை கொடுத்தது செல்லும். இன்னும் பிறவாத தலைமுறைகளுக்கு ஒருவர் தம் இச்சைப்படி புதியதொரு வாரிசு முறையை வகுக்க இயலாது. வாழ்நாள் உரிமை முடிந்தபின் சொத்து சட்ட வாரிசுக்கே திரும்பும் என்று. ஒதுக்கப்பட்ட மகனே அந்த வாரிசு! மாண்டவர் கை நீளலாம். ஆனால் முடிவின்றி நீளக் கூடாது என்ற எல்லை அன்று வரையப்பட்டது.

வேறு எல்லைகளும் உண்டு. இசுலாமியச் சட்டம், மூன்றிலொரு பங்குக்கு மேல் உயிலால் வழங்க வாரிசுகளின் இசைவைக் கேட்கிறது. பிரான்சில் பிள்ளைகளுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது; தந்தையின் விருப்பம் அதைத் தொட முடியாது. இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க ஏற்பாடு செய்யப்படாத குடும்பத்தார் நீதிமன்றத்தை நாடலாம். நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இறந்தவரை நம்பியிருந்த மனைவி, இளம்பிள்ளைகள், மணமாகாத மகள் முதலியோர், உயிலால் ஒன்றும் பெறாவிடினும், அவருடைய சொத்திலிருந்து பிழைப்பூதியம் கேட்கலாம் என்கிறது. பழனி மலைச் சரிவுகளில் வாழும் பளியர் போன்ற பழங்குடியினர், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பெறும் நிலம், வாரிசுக்கு இறங்கும், பிறருக்குக் கைமாறாது, கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும். விருப்பம் என்பது வரம்பற்றது அன்று என்பதை இவையெல்லாம் காட்டுகின்றன.

கதவைத் திறந்து சாளரத்தை அடைப்பதோ?

பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான சொத்துரிமை வேண்டும் என்று 1929ல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு முழங்கியபோது ஊர் சிரித்தது. 1956ல் பாதி வந்தது. 1989ல் தமிழ்நாடு, அந்த ஆண்டு மார்ச் 25 வரை மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை அளித்தது. 2005ல் நாடு முழுவதற்கும், மணமானவர் மணமாகாதவர் என்ற வேறுபாடின்றி வந்தது. தந்தை 2005ல் உயிரோடிருந்திருக்க வேண்டும் என்பதில்லை, உரிமை பிறப்பாலேயே என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தொண்ணூறு ஆண்டுப் போராட்டம்! அத்தனையையும், ‘என் மகளுக்குத் திருமணத்தின்போதே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன்’ என்ற ஒரு வரியால் வீட்டுக்குள்ளேயே வீழ்த்த முடிகிறது. சட்டமன்றத்தில் தோற்ற மனு, உயிலில் புகுந்து வெல்கிறார்.

அப்படியானால் உயில் எழுதும் உரிமையையே ஒழித்துவிடலாமா? அவசரம் வேண்டாம். 1953ல் சென்னை உயர் நீதிமன்றம், புரோகிதரின்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று கூறிவிட்டது. நேற்றுவரை மனைவி, இன்று சட்டத்தின் கண்ணில் யாருமில்லை! அண்ணா தலைமையிலான அரசு 1967ல் கொண்டுவந்த திருத்தம், முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் சேர்த்துச் செல்லுபடி அளிக்கும் வரையில், அத்தகைய துணைவியருக்குக் கணவன் தரக்கூடிய கேடயம் எது? ஆளும் சட்டம் அங்கீகரிக்காதவரை ஒருவர் தம் கையொப்பத்தால் அங்கீகரிக்கலாம். அந்த வலிமை உயிலுக்கு உண்டு. நம் அடுக்கத்து வளர்ப்புப் பிள்ளையை எண்ணுங்கள். இரத்தம் ஒன்றே உறவு என்று சொல்லும் சட்டத்தின் முன் அவன் அயலான். உழைப்பும் உறவே, அன்பும் உறவே என்று முதியவர் சொல்ல விரும்பினால், அதைச் சொல்லும் இடம் உயிலன்றி வேறெது?

எனவே கத்தி தீயதா, நல்லதா என்று கேட்பதில் பயனில்லை. யாரை நோக்கி என்று கேட்க வேண்டும். சட்டம் மறந்தவரை நினைவில் கொள்ளும் உயில் அறம். சட்டம் நெடும்போராட்டத்துக்குப் பின் நினைவில் கொண்டவரை, சாதியின் பெயரால், பெண் என்ற காரணத்தால் மீண்டும் மறக்கடிக்கும் உயில் கொடுமை. முன்னது விருப்பம், பின்னது வெறுப்பு. இரண்டுக்கும் ஒரே தாள், ஒரே சாட்சி, ஒரே முத்திரை. வேறுபாட்டைப் பதிவாளர் காணமாட்டார். நாம்தான் காண வேண்டும்.

‘உழைத்துச் சேர்த்தவர் அவர், யாருக்குக் கொடுப்பது என்று சொல்ல நீ யார்?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தந்தையை அடித்து விரட்டிய மகனுக்கும் பங்கு கொடுத்தே தீர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. செயலுக்காக ஒருவரை ஒதுக்குவது வேறு. மனத்துக்கிசைந்தவனை மணந்தாள், பெண்ணாய்ப் பிறந்தாள் என்பதற்காக ஒதுக்குவது வேறு. முன்னதில் குற்றம் உண்டு, தண்டனை உண்டு. பின்னதில் தண்டனை மட்டும் இருக்கிறது; குற்றம் எங்கே? மேலும், உயிரோடிருக்கும் தந்தை ‘போ’ என்றால் மகள் வாதாடலாம், அழலாம், ஒரு நாள் வென்றும் விடலாம். இறந்த தந்தை ‘போ’ என்றால்? முறையீடு கேட்க ஆளில்லாத தண்டனை அது.

பச்சையப்பர் காட்டும் பாடம்

மாண்டவர் சொல்லை வாழ்பவர் எப்படிக் கையாளலாம் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. துபாஷியாய்ப் பெரும் பொருளீட்டிய பச்சையப்பர், 1794 மார்ச்சில், இறப்பதற்குச் சில நாள் முன்பு உயில் எழுதினார். கோயில்களுக்கும் அறங்களுக்கும் பணம் என்பது அவர் விருப்பம். அவர் மறைந்தபின் பொருள் பல கைகளில் சிக்கி வழக்கில் உழன்றது. அட்வகேட் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் முதலானோர் முயற்சியால், பெருகிக் கிடந்த மிகுதிப் பணம் கல்விக்குத் திருப்பப்பட்டு, 1842 சனவரி முதல் நாள் பள்ளி திறந்தது. அதுவே பச்சையப்பன் கல்லூரியாய் வளர்ந்தது. அங்கே பயின்ற மாணவர்களுள் ஒருவர் அண்ணா. மணியடிக்கச் சென்றிருக்க வேண்டிய பணம் மனத்தைத் திறக்கச் சென்றது! ஆனால் முழுவதும் திறக்கவில்லை: இந்து மாணவருக்கு மட்டும் என்ற வேலி 1947 வரையில் நின்றது. வேலியை இறந்தவர் வந்து அகற்றவில்லை, வாழ்பவர் அகற்றினர். இறந்தவரின் கொடையைப் போற்றலாம். இறந்த காலத்தின் குறுகிய வேலியையும் சேர்த்துப் போற்ற வேண்டும் என்பதில்லை.

இளைஞர் கையிலுள்ள பேனா

தோழர்களே! ஊரில் உயில் எழுதப்படும்போது பேனா பிடிக்க அழைக்கப்படுபவர் யார்? படித்த பிள்ளை. ‘தம்பி, நாலு வரி எழுதிக் கொடு, ஒரு சாட்சிக் கையெழுத்தும் போடு’ என்று பெரியவர் கூப்பிடுவது உங்களைத்தான். உள்ளே இருப்பது சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை என்று சட்டம் சொல்கிறது. கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. கேளுங்கள். ‘ஐயா, அக்காவுக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்?’ என்று பணிவோடு கேளுங்கள். ‘ஏன் ஒன்றும் இல்லை?’ என்றும் கேளுங்கள். அவர் சினக்கலாம். ஆனால் அவர் உயிரோடிருக்கையில் கேட்கப்படும் ஒரு கேள்வி, அவர் மறைந்தபின் நடக்கும் பத்தாண்டு வழக்கைக் காட்டிலும் மதிப்புடையது. விடை சாதியாக இருந்தால், ‘என் கையெழுத்து இதற்கு வேண்டாம் ஐயா’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

படிப்பகங்களில் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். பெண்களை அழைத்து, பூர்வீக நிலத்தில் அவர்கள் பங்கை எந்த உயிலும் தொடாது என்று எடுத்துரையுங்கள். தத்தெடுக்காத பிள்ளையை வளர்ப்பவரிடமும், மணப்பதிவு இல்லாமல் துணையோடு வாழ்பவரிடமும், ‘எழுதாவிட்டால் உங்கள் அன்புக்குரியவர் தெருவில் நிற்பார், இன்றே எழுதுங்கள்’ என்று வற்புறுத்துங்கள். உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க விரும்பும் பகுத்தறிவாளர், அதை உயிலில் மட்டும் எழுதி வைத்துப் பயனில்லை. உயிலைத் தேடி எடுப்பதற்குள் சடங்கு முடிந்துவிடும். வீட்டாரிடம் வாயாலும் சொல்லி, கல்லூரிக்குரிய படிவத்திலும் ஒப்பமிட வேண்டும். முன்பே எழுதி வைத்திருக்கும் பெரியவர்களிடம், பெட்டியைத் திறந்து அந்தத் தாளை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அன்று எழுதிய மனிதரும் இன்று படிக்கும் மனிதரும் ஒருவர்தானா என்று அவரே தீர்மானிக்கட்டும்.

நம் அடுக்கத்து முதியவருக்கும் நாம் சொல்லக்கூடியது இதுவே: ‘ஐயா, உம் உழைப்பின் ஏக்கரில் அந்த வளர்ப்புப் பிள்ளைக்கு ஒரு பங்கு எழுதும், அவனைச் சட்டம் அறியாது, நீர் அறிவீர். மகளின் பெயரை அடிக்காதீர். அவளைச் சட்டம் அறிந்துகொள்ளத் தொண்ணூறு ஆண்டு ஆயிற்று. மகனுக்குக் கொடுப்பதையும் காரணம் சொல்லிக் கொடும். மூவரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டலாம் என்ற துணிவு உமக்கு இருக்குமானால், உம் உயில் நல்ல உயில்.’ மகனுக்கு அஞ்சி ஒளித்து வைக்க வேண்டிய நிலை சிலருக்கு உண்டு. ஒளிப்பதற்குக் காரணம் எளியவரைக் காக்கும் அச்சமாக இருக்கட்டும், எளியவரைக் கண்டு கூசும் வெட்கமாக இருக்க வேண்டாம்.

சாகும்வரை மாற்றலாம் என்று சட்டம் தரும் உரிமை சிறிதன்று. சாதியை மாற்றலாம், வெறுப்பை மாற்றலாம், எழுதியதை மாற்றலாம், மூச்சிருக்கும் வரையில்தான். எழுதியவர் எழுந்து வந்து திருத்தப் போவதில்லை. திருத்த வேண்டியதை இன்றே திருத்தட்டும்.